காட்டைக் காக்கும் பத்திரம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் காடுகளில் நடந்தால், மரங்களுக்கு நடுவே பழைய கல்சுவர்கள் குறுக்கிடும். ஒரு காலத்தில் அவை வயலுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் எல்லையாக நின்றவை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே பெரும்பகுதி நிலத்தில் மரங்களை வெட்டி விவசாயம் செய்துவந்தார்கள். மேற்கே வளமான மண் கிடைத்ததும் பலர் கிளம்பிப் போனார்கள். கைவிட்ட வயல்களில் காடு தானாகவே திரும்பி வந்தது.

இன்று மாநிலத்தின் பாதிக்கு மேல் காடுதான். ஆனால் அதில் பெரும்பகுதி அரசுக் காடு அல்ல, தனியாருக்குச் சொந்தமானது. உரிமையாளர் காலமானால் பிள்ளைகள் பங்கு பிரிப்பார்கள். ஒரு பங்கு வீட்டுமனைகளாகும், சாலை வரும், காடு துண்டுபடும். விட்ட வயல் காடாக மாறியது போல, வீடு எழுந்த இடம் காடாக மாறாது. இந்த இழப்பைத் தடுக்க ஊர் மக்களே உருவாக்கிய அமைப்புதான் நில அறக்கட்டளை.

தொடங்கியது எப்படி?

பாஸ்டன் நகருக்கு அருகே வேவர்லி ஓக்ஸ் என்ற பழமையான ஓக் மரத்தோப்பு இருந்தது. அது அழிந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட சார்லஸ் எலியட் என்ற நிலவெளி வடிவமைப்பாளர், 1890இல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நூலகம் நூல்களைப் பொதுமக்களுக்காக வைத்துப் பேணுவது போல, அழகிய நிலங்களையும் ஓர் அமைப்பு வைத்துப் பேண வேண்டும் என்பது அவர் யோசனை. மறுஆண்டே மாநில சட்டமன்றம் அதற்குச் சட்டம் இயற்றியது. அப்படிப் பிறந்த ‘டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ்’ இன்றும் இயங்குகிறது. 1895இல் பிரிட்டனில் தொடங்கிய நேஷனல் டிரஸ்டுக்கும் இதுவே முன்மாதிரி. இன்று அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நில அறக்கட்டளைகள் இருக்கின்றன. பல, ஓர் ஊரையோ சில ஊர்களையோ மட்டும் பார்த்துக்கொள்ளும் சிறிய அமைப்புகள்.

என்ன செய்கிறார்கள்?

நேரான வழி, நன்கொடை திரட்டி நிலத்தை வாங்குவது. இதற்குப் பெரும் பணம் வேண்டும். நிலத்தை விற்க மனமில்லாத உரிமையாளருக்கு இது உதவாது.

இரண்டாவது வழியின் பெயர் ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’. நிலம் வாங்கும்போது நாம் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறோம். பதிவான அடமானம் இருந்தால் அதில் தெரியும். ஒருவருடைய நிலத்தின் வழியே பக்கத்து நிலத்துக்காரர் போய்வரும் பாதை உரிமையும் நமக்குப் பழக்கமானதுதான். நிலம் ஒருவருடையது, அதன்மேல் ஓர் உரிமை இன்னொருவருடையது. இந்த ஏற்பாட்டைக் காட்டின் நன்மைக்குத் திருப்பியதே ஈஸ்மென்ட்.

காட்டின் உரிமையாளர், மனை பிரிக்கவும் கட்டடம் கட்டவும் தனக்குள்ள உரிமையை மட்டும் பதிவுசெய்த பத்திரத்தின் வழியே விட்டுக்கொடுக்கிறார். அதை மீறாமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரம் அறக்கட்டளைக்குப் போகிறது. மற்றதெல்லாம் அவரிடமே இருக்கும்: அங்கே வாழலாம், பத்திரம் அனுமதிக்கும் முறையில் மரம் வெட்டலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு ஒட்டியது. யார் வாங்கினாலும் அவரையும் கட்டுப்படுத்தும்.

உரிமையாளருக்கு என்ன லாபம்?

எடுத்துக்காட்டாக, 10 லட்சம் டாலர் பெறும் காடு கட்டுப்பாட்டுக்குப் பிறகு 4 லட்சம்தான் பெறும் என்றால், அவர் விட்டுக்கொடுத்தது 6 லட்சம். அதைத் தானமாகக் கொடுத்தால் வருமான வரியில் சலுகை கிடைக்கும். சிலருக்கு அறக்கட்டளையே பணம் கொடுக்கும். 2001இல் மெய்ன் மாநிலத்தில் பிங்ரீ குடும்பத்தாரின் 7,62,192 ஏக்கர் காட்டுக்கு இப்படி ஒரு பத்திரம் பதிவானது. நியூ இங்கிலாந்து ஃபாரஸ்ட்ரி ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை அதற்காகச் சுமார் 2.8 கோடி டாலர் திரட்டியது. ஏக்கருக்கு 37 டாலர்தான்! மரம் வெட்டும் தொழில் அங்கே தொடர்கிறது. காடு மட்டும் மனையாக முடியாது.

இந்தச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. பலர் கூட்டாக முதலீடு செய்து, நிலத்தின் மதிப்பைப் பல மடங்கு ஏற்றிக் காட்டி வரி ஏய்த்தார்கள். 2022இல் வந்த சட்டம் அத்தகைய கூட்டு முதலீடுகளுக்குக் கடிவாளம் போட்டது.

‘என்றென்றைக்கும்’ என்றால்?

இத்தகைய பத்திரங்களில் பெரும்பாலும் இருக்கும் சொல் இது. ஆனால் எழுதிய சொல் தானாகக் காவல் நிற்காது. அதனால்தான் பத்திரம் பதிவாகும்போதே அறக்கட்டளை அந்த நிலத்தைப் படங்களோடும் வரைபடங்களோடும் ஆவணமாக்கி வைக்கிறது. பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது வந்து அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. மீறல் தெரிந்தால் முதலில் பேச்சு, முடியாவிட்டால் வழக்கு. அதற்கான நிதியையும் முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். அறக்கட்டளையே கலைந்துபோனால், அதே பொறுப்பு தகுதியுள்ள இன்னோர் அமைப்புக்கு மாறும்.

ஊர் அறக்கட்டளையின் பலம் இங்கேதான் இருக்கிறது. அங்கே எல்லை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதிக்காரர்கள். எந்த ஓடை எங்கே திரும்பும், யார் வீட்டில் தலைமுறை மாறியது என்று அறிந்தவர்கள். வயலுக்கு எல்லையாகக் கட்டிய அதே கல்சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆண்டுதோறும் அவர்கள் காட்டின் எல்லையைச் சுற்றி நடக்கிறார்கள். அந்த நடை நிற்காதவரை பத்திரத்தில் உள்ள சொல்லுக்கு உயிர் உண்டு.