உறையோடு காக்கவேண்டிய விண்வெளி முத்திரைகள்

பழைய தபால் முத்திரைகளைச் சேர்ப்பதைச் சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றே எம்மில் பலர் கருதிவந்துள்ளோம். விண்வெளிப் பயணத்தின் தொடக்க ஆண்டுகளை நினைவுகூரும் முத்திரைகளைப் பொறுத்தவரை இக்கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. மன்னார் மக்களுக்கு இதில் தனியானதோர் அக்கறையும் உண்டு.

1957 ஒக்ரோபரில் முதலாவது செய்மதியான ஸ்புட்னிக்கை ஏவிய சோவியத் ஒன்றியம், அடுத்த மாதமே அதற்கு முத்திரை வெளியிட்டது. 1962 பெப்ரவரியில் ஜோன் கிளென் பூமியை வலம்வந்த அன்றே, இரகசியமாக அச்சிட்டு வைத்திருந்த முத்திரையை அமெரிக்கா விற்பனைக்கு விட்டது. சந்திரனில் மனிதன் இறங்கியமைக்கு 1969 இலும், ஆரியபட்டா செய்மதிக்கு 1975 இலும் இந்தியா முத்திரைகள் வெளியிட்டது. பாதுக்க செய்மதித் தரைநிலையத் திறப்பையொட்டி 1976 இல் இலங்கையும் ஒன்றை வெளியிட்டது.

இந்திய முத்திரைகள் வெளிவந்த காலத்தில் மன்னாருக்கும் தமிழகத்துக்கும் இடையே போக்குவரத்து நிலவியது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய கப்பற் சேவை, 1964 டிசெம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்த பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்து, 1980 களில் நின்றுபோனது. அக்காலத்தில் அக்கரை உறவினர் எழுதிய கடிதங்களின் உறைகளில் இம்முத்திரைகள் இருக்கக்கூடும்.

இவற்றால் பெருஞ்செல்வம் கிட்டும் என எவரும் எண்ணவேண்டாம். பெருந்தொகையாக அச்சிடப்பட்டமையால் பெரும்பாலானவற்றின் விலை சொற்பமே. அஜ்மான், புஜைரா போன்ற வளைகுடாச் சிற்றரசுகளின் பெயரில் 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிவந்த கவர்ச்சியான விண்வெளி முத்திரைகளுட் பல, சேகரிப்போரிடம் விற்பதற்கென்றே அச்சிடப்பட்டவை; கடிதங்களில் பயன்பட்டவை மிகச் சில.

ஆனால் உறையில் ஒட்டப்பட்டு, ஊர்ப்பெயரும் திகதியும் கொண்ட தபால் இலச்சினை பதிந்த ஒரு முத்திரையின் பெறுமதி வேறு. எவ்வூரிலிருந்து எவ்வூருக்கு, எந்நாளில் தொடர்பு இருந்தது என்பதற்கு அது சான்று. முத்திரையைக் கிழித்தெடுத்தால் அச்சான்று அழிந்துவிடும்.

1990 இல் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டில் தமிழ்க் குடும்பங்கள் பல இந்தியாவுக்குப் படகேறின. வீட்டோடு கடிதக்கட்டுகளும் கைவிடப்பட்டன. எஞ்சியவற்றைக் கடற்காற்றின் ஈரம் கெடுத்துவருகின்றது. ஈரத்தில் முத்திரையின் பசை இளகும். தாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆகவே பழைய பெட்டகங்களில் கடிதங்கள் இருப்பின், அவற்றை உறையோடு உலர்ந்த தாள்களுக்கிடையே வைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் பேணுங்கள். பசையிட்டு ஒட்டவோ, பிளாஸ்ரிக் தாளால் மூடி அழுத்தவோ வேண்டாம். பிரதேச நூலகங்களும் பாடசாலைகளும் இவற்றைப் பார்வையிட்டுப் பதிவுசெய்ய முன்வரல் வேண்டும். சந்திரப் பயணத்தின் வரலாற்றை எழுதப் பலர் உளர். அச்செய்தியைத் தாங்கிய முத்திரை மன்னாரின் எந்த வீட்டுக்கு வந்தது என்பதை நாமே பதிந்துவைக்க வேண்டும்.