பெயர் சொல்லிப் பேசிய குரல்கள்

நீலகிரியின் சேரம்பாடித் தேயிலைத் தோட்ட வீடுகளில் வயதானவர்களிடம் ‘பிரபலமான குரல்’ என்று பேச்செடுத்தால் அது சினிமாப் பக்கம் போவதில்லை, நேரே கொழும்புக்குப் போய்விடுகிறது. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று வானொலி அறிவிப்பாளர்களைச் சொந்தக்காரர்களைச் சொல்வது போலச் சொல்கிறார்கள். நடிகர்களுக்குப் பின்னால் நின்று பேசியவர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவர்களுக்கும் வருகிறேன். ஆனால் இந்த மலையில் குரல் என்றால் முதலில் இலங்கை வானொலிதான்.

அதற்குக் காரணம் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 1964 அக்டோபரில் கையெழுத்தான அந்தக் காகிதம் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, மலையேறி வந்த குடும்பங்கள் சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம் பகுதிகளில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க அமர்த்தப்பட்டன. உள்ளூர்க்காரர்களுக்கு அவர்கள் ‘சிலோன்காரங்க’. அக்கா அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த வீடுகள் ஏராளம். 1984-க்குப் பிறகு கப்பலும் நின்றுபோனது. கடிதம் வரும், வராமலும் போகும்.

குரல் மட்டும் தடையில்லாமல் வந்தது. கண்டிப் பக்கம் தங்கிவிட்ட அக்காவும் சேரம்பாடிக்கு வந்துவிட்ட தங்கையும் ஒரே அறிவிப்பாளரின் பேச்சைக் கேட்க முடிந்தது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பிறகு ‘பிறந்தநாள் வாழ்த்து’, ‘நீங்கள் கேட்டவை’, ‘இசையும் கதையும்’. வாழ்த்துகளுக்கு நடுவே ஹட்டன், பதுளை, பண்டாரவளை என்று ஊர்ப்பெயர் காதில் விழும்போது ரேடியோவைச் சுற்றிப் பேச்சு அடங்கிவிடும். ஆனி, ஆடி மழையில் பந்தலூர்ச் சாலை மூடிக்கொண்டால் வெளியுலகம் என்று மிஞ்சுவது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

இலங்கை வானொலி இங்கே வேர்விட நம் வானொலியும் ஒரு காரணம். 1952-ல் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஏறக்குறைய ஒதுக்கிவைத்தது. கேட்க ஆசைப்பட்டவர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். இந்திக்காரர்களுக்கு அமீன் சயானி கிடைத்தார், நமக்கு எஸ்.பி.மயில்வாகனம் கிடைத்தார். 1957-ல் விவித் பாரதி தொடங்கியபோது தமிழ்நாட்டின் காது ஏற்கெனவே கடல் தாண்டிப் பழகிவிட்டிருந்தது.

அந்த அறிவிப்பாளர்களின் தொழில் நுட்பத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கங்கள் போதாது. கே.எஸ்.ராஜா மூச்சு விடும் இடமே தெரியாது. திரைப்பட விளம்பரத்தைப் பாட்டின் முன்னிசை முடிவதற்குள் அடைத்து, பாடகர் வாய் திறக்கும் நொடியில் சரியாக நிறுத்துவார். கைக்கடிகாரத்தை நம்பிச் செய்கிற வேலையில்லை அது, பாட்டை முழுக்க உள்ளே வாங்கியவருக்கே வருவது. அவர் பின்னாளில் கொழும்பில் கொலையுண்டார் என்ற செய்தியை இங்குள்ளவர்கள் இன்றும் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். அப்துல் ஹமீது வேறு வகை. லகர, ளகர, ழகரத்தை ஒவ்வொன்றாகத் தட்டித் தருவார், ஆனால் பாடம் நடத்துவது போல இருக்காது. வானொலியில் அவர் வளர்த்த ‘பாட்டுக்குப் பாட்டு’ தொலைக்காட்சிக்கு வந்து தமிழ்நாட்டையே பாட வைத்தது. ‘தெனாலி’ படத்தில் நிகழ்ச்சித் தொகுப்பாளராகவே முகம் காட்டினார். ராஜேஸ்வரி சண்முகம் வானொலி நாடகங்களில் பேசிப் பழுத்தவர். அறிவிப்பிலும் அந்த உணர்ச்சிப் பாவம் தெரியும்.

ஒன்றைக் கவனித்தேன். இவர்கள் எல்லோரும் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே பேசினார்கள். நிகழ்ச்சியை வழங்குவது யார் என்று தெரியாமல் ஒரு நாளும் முடிந்ததில்லை. நேயர் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. பேசுகிறவர் இன்னார், கேட்கிறவர் இன்னார் என்று இரண்டு பக்கமும் பெயர் இருந்தது. படிக்கத் தெரியாத ஒரு கொழுந்துக்காரம்மா முன்பின் பார்க்காத ஒருவரை முழுசாக நம்பியதற்கு அதுதான் அடிப்படை.

சினிமாவில் இது தலைகீழ். ‘பயணங்கள் முடிவதில்லை’ தொடங்கி நடிகர் மோகன் பேசிய பேச்சு பெரும்பாலும் எஸ்.என்.சுரேந்தருடையது என்பது பலருக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. ‘அமராவதி’யில் அஜித்துக்கும் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர் நடிகர் விக்ரம். கதாநாயகிகளின் கணக்கு இன்னும் நீளம். ஸ்ரீஜா ரவி, அவர் மகள் ரவீனா, சவிதா, தீபா வெங்கட், சின்மயி என்று நாலைந்து தொண்டைகளில் தமிழ்க் கதாநாயகிகளின் இருபது, முப்பது வருட அழுகையும் கோபமும் அடங்கிவிடும். இருட்டறையில் திரையைப் பார்த்தபடி, அடுத்தவர் உதடு எப்போது மூடுகிறதோ அப்போது தன் சொல்லை முடித்து, அவர் விடாத மூச்சையும் சேர்த்து விடுகிற வேலை. தமிழக அரசு இதற்கு விருது தருகிறது. தேசியத் திரைப்பட விருதுகளில் பின்னணி பாடுகிறவருக்கு இடம் உண்டு, பின்னணி பேசுகிறவருக்கு இல்லை. எத்தனையோ படங்களில் டைட்டிலில்கூடப் பெயர் வந்ததில்லை.

பெயர் போடாதது வெறும் மரியாதைக் குறைவு என்றுதான் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். சட்டத்தைப் படித்ததும் தூக்கம் கெட்டது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தம் நிகழ்த்துகலைஞருக்கு உரிமைகளைக் கூட்டியது உண்மை. கூடவே ஒரு விலக்கும் நுழைந்தது. திரைப்படத்தில் போகிறபோக்கில் வந்துபோகிற, தொழில் வழக்கப்படி டைட்டிலில் எங்கும் பெயர் போடப்படாத ஒருவர், தன் நிகழ்த்தலைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை நீங்கலாக, கலைஞர் என்ற கணக்கில் வரமாட்டார். படம் முழுக்கப் பேசியவரை யாரும் போகிறபோக்கில் வந்தவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கும்பலில் நாலு வரி பேசியவர்? பெயரும் இல்லாத அவர் எதைக் காட்டி உரிமை கேட்பார்?

இப்போது ஆளே இல்லாத குரல் வந்திருக்கிறது. மூன்று நொடிப் பதிவு இருந்தால் ஒருவர் குரலை நகலெடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் ஓர் ஆய்வுக் குழு காட்டியது. ‘லால் சலாம்’ படப் பாடல் ஒன்றில் காலமான பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலும் கணினியால் மீட்கப்பட்டது. குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, ஊதியமும் கொடுத்ததாக இசையமைப்பாளரே அறிவித்தார். அது நேர்மையான வழி. எல்லோரும் கேட்டுச் செய்வார்கள் என்று எந்தத் தைரியத்தில் இருப்பது? வருடக்கணக்கில் பேசிப் பதிவான குரல்கள் ஒலிப்பதிவுக் கூடங்களில் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு இயந்திரத்தைப் பழக்கிவிட்டால் அந்தக் கலைஞரை மறுபடி கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை.

செலவு குறையும், பார்வையற்றவர்களுக்கு நிறையப் புத்தகம் ஒலிவடிவில் கிடைக்கும் என்று மறுதரப்பு சொல்கிறது. கிடைக்கட்டும்.

என் பயம் சேரம்பாடி மாதிரி ஊர்களைப் பற்றியது. இங்கே எழுத்தைவிடக் குரல்தான் ஆதாரம். திருப்பூரில் வேலை பார்க்கிற மகன் வாட்ஸப்பில் குரல் செய்திதான் அனுப்புகிறான். அவன் குரலிலேயே பணம் கேட்டு ஒரு அழைப்பு வந்தால், கடல் தாண்டி வந்த குரலை நாற்பது வருடம் நம்பிய அந்தத் தாய் எப்படிச் சந்தேகப்படுவாள்?

வெளியே சிலர் விழித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலம் குரலைக் காக்கவே 2024-ல் சட்டம் போட்டது. அமெரிக்க வீடியோகேம் குரல் கலைஞர்கள் 2024 ஜூலையில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகல் குரலுக்குச் சம்மதமும் கூலியும்தான் முக்கியக் கோரிக்கை. நம் நாட்டில் அதே ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் குரலை நகலெடுக்க மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. வக்கீல் வைக்க முடிந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு. நாள் கூலிக்குக் கும்பல் குரல் பேசுகிறவர் மும்பைக்கா போவார்?

அதனால் பின்னணி பேசுகிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு படத்துக்குப் பேசிய குரல் அந்தப் படத்துக்கு மட்டும், கணினியைப் பழக்கத் தனிச் சம்மதம், தனிச் சம்பளம், டைட்டிலில் பெயர். இத்தனையும் எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.