மோட்டார் வண்டி வாங்கக் காலமறிதல்

திருக்குறளின் பொருட்பாலிலே தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசன் வினைமேற் செல்லுதற்கு வகுக்கப்பட்ட அம்முறை, மாதந்தோறும் சில ஆயிரம் ரூபா மிச்சம்பிடித்து ஒரு மோட்டார் வண்டி வாங்கப் புகும் குடும்பத்தானுக்கும் பொருந்துமென்பது அடியேன் பட்டறிந்த உண்மை. வீடு கட்டுதலுக்கும் மகளின் திருமணத்துக்கும் அடுத்தபடியாக நம்மவர் வாழ்நாளிற் செய்யும் பெருஞ்செலவு இதுவேயாதலின், அதனை எப்பொழுது செய்வது இலாபம் என்னும் வினா பழைய மாணவர் ஒன்றுகூடுமிடமெல்லாம் எழுகின்றது. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒரு நிகழ்ச்சி. நம் கல்லூரியில் என்னுடன் ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர், உவர்மலையில் வசிப்பவர், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுப் பணிக்கொடையைக் கையில் வாங்கியது 2019 ஆம் ஆண்டின் இறுதியில். அவருடைய மனைவியார் கண் சிகிச்சைக்காக மாதந்தோறும் கண்டிக்குச் செல்லவேண்டியவர். ஆகவே சிறு கார் ஒன்று வாங்குவதென இருவரும் தீர்மானித்தனர். 2020 தை மாதத்தில் விலை பேசியும் ஆயிற்று. ஆனால் நண்பர், "சித்திரைப் புத்தாண்டுக்குக் கழிவு கொடுப்பார்கள், மூன்று மாதந்தானே, பொறுப்போம்" என்றார். பங்குனி மாதத்திலே நோய்த்தொற்று வந்தது. அந்நியச் செலாவணியைக் காக்கவேண்டி அரசாங்கம் மோட்டார் வண்டி இறக்குமதியை நிறுத்தியது. மூன்று மாதமென்று எண்ணியது ஐந்து ஆண்டாயிற்று. அவ்வைந்தாண்டும் அந்த அம்மையார் பேருந்திலேயே கண்டிக்குப் போய்வந்தார்.

நண்பர் செய்த பிழை யாது? பொறுத்தது பிழையன்று. எந்த நாட்காட்டியைப் பார்த்துப் பொறுப்பதென்று அறியாததே பிழை.

பிறநாடுகளில் இக்காரியத்துக்கு வியாபாரியின் நாட்காட்டி ஒன்று உண்டு. இங்கிலாந்திலே ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்திலும் செப்டெம்பர் மாதத்திலும் புதிய வண்டிகளின் இலக்கத் தகடு மாறும். ஆதலால் அதற்கு முந்திய வாரங்களிலே பழைய தகட்டுக்குரிய வண்டிகளை விற்றுத் தீர்க்க வியாபாரிகள் விலையைத் தளர்த்துவர். அமெரிக்காவிலே அடுத்த ஆண்டின் மாதிரிகள் வந்திறங்கும் இலையுதிர் காலத்திலும் திசெம்பர் இறுதியிலும் கழிவு கிடைக்கும். விற்பனையாளனுக்கு மாதத்துக்கு இத்தனை வண்டி, காலாண்டுக்கு இத்தனை வண்டி என்று உற்பத்தியாளர் இலக்கு வைத்திருப்பர். மாதக் கடைசியில் ஒரு வண்டி குறைந்தால் ஊக்கத்தொகை முழுவதும் போய்விடுமாகையால், அவ்வொரு வண்டியை நட்டத்துக்கும் கொடுப்பான். தமிழ்நாட்டிலே ஆடி மாதத்தில் மங்கலப் பொருள் வாங்குவோர் குறைவாதலின் அங்கு ஆடித் தள்ளுபடி பிறந்ததும் இதே நியாயத்தினாலேயாம். வரியை முன்னறிந்து பொறுத்தோர் பயன் பெற்றதற்கும் இந்தியாவில் அண்மைக்கால உதாரணம் உண்டு. 2025 ஆகஸ்டு 15 ஆந் திகதி வரிக்குறைப்பு வருமென அறிவித்தார்கள். செப்டெம்பர் 22 ஆந் திகதி முதல் சிறு கார்களின் சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இடையிலுள்ள ஐந்து வாரம் பொறுத்தவர் பெருந்தொகை மிச்சம்பிடித்தனர். அங்கு வரிக்குறைப்பு வருமென்பது முன்னரே தெரிந்திருந்தது என்பதைக் கவனிக்க.

நம் நாட்டின் நிலை வேறு. இங்கு ஒரு வண்டியின் விலை நான்கு கூறுகளாலானது: வெளிநாட்டு விலையும் கப்பற்கூலியும் ஒன்று, ரூபாவின் நாணய மாற்று விகிதம் இரண்டு, அரசாங்கம் விதிக்கும் தீர்வைகள் மூன்று, வியாபாரியின் இலாபம் நான்கு. ஆடிக் கழிவும் புத்தாண்டுக் கழிவும் அந்த நான்காவது கூற்றை மாத்திரம் தொடுவன. முதன் மூன்றும் அசையுமாயின் நான்காவது எம்மட்டு?

ஒரு கற்பனைக் கணக்கினால் இதனை விளக்குவோம். யப்பானிலிருந்து 15 இலட்சம் யென் பெறுமதியான ஒரு சிறு கார் வருகின்றது. ஒரு யென்னுக்கு இரண்டு ரூபா எனக் கொள்வோம். இறக்குமதிப் பெறுமதி 30 இலட்சம் ரூபா. 2025 இல் இருந்த முறைப்படி, சுங்கத் தீர்வை 20 சதவீதமும், அத்தீர்வையின்மேற் பாதி மேலதிகத் தீர்வையுமாக மொத்தம் 30 சதவீதம். எஞ்சினின் கன அளவுக்கேற்ப உற்பத்தித் தீர்வை தனி. எல்லாவற்றின்மேலும் 18 சதவீதம் பெறுமதி சேர் வரி. இந்நிலையில் ரூபாவின் பெறுமதி சற்றே இறங்கி, யென்னின் விலை 5 சதவீதம் ஏறினால் நேர்வது யாது? பெறுமதி ஒன்றரை இலட்சம் கூடும்; அதன்மேற் சுங்கத் தீர்வை 45 ஆயிரம்; இவ்விரண்டின்மேலும் பெறுமதி சேர் வரி; ஆகச் சற்றேறக்குறைய 2 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா. வியாபாரியோடு ஒரு மாதம் வாதாடிப் பெற்ற 50 ஆயிரம் ரூபாக் கழிவை இவ்வொரு சிறு அசைவு நான்கு முறை விழுங்கிவிடும். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபாவரை ஏறியதை நாமெல்லாம் கண்டோம். அவ்வேளையில் ரூபாவாக வங்கியிற் கிடந்த என் நண்பரின் பணிக்கொடை, எண்ணிக்கையில் வளர்ந்து பெறுமதியிற் பாதியாயிற்று.

ஆகவே நம் நாட்டில் மோட்டார் வண்டியின் நாட்காட்டியைக் கடைக்காரன் எழுதுவதில்லை. திறைசேரியும் மத்திய வங்கியும் எழுதுகின்றன. இஃது இன்று நேற்றுத் தோன்றிய நிலையன்று. 1960களின் தொடக்கத்திலே செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இற் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, நம் ஆசிரியப் பெருமக்கள் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் பிள்ளைபோற் பேணி ஓட்டினர். 2018 ஆகஸ்டிலே சிறு எஞ்சின் கார்களின் தீர்வை திடீரென உயர்ந்தது. அடுத்த மாதமே, கார் இறக்குமதிக்கு நாணயக் கடிதம் திறப்போர் முழுத்தொகையையும் முன்வைப்பாகக் கட்டவேண்டுமென மத்திய வங்கி விதித்தது. 2020 இல் தடை வந்தது. 2022 ஏப்பிரலிலே கொள்கை வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டமையால், கடனுக்கு வாங்க நினைத்தோர் வாயிலும் அடைபட்டது. தனியார் கார்களுக்குத் தடை நீங்கியது 2025 பெப்ருவரி முதலாந் திகதியாகும்.

இவற்றுட் பல முன்னறிவித்தலின்றி வர்த்தமானி மூலம் நள்ளிரவில் வந்தவை. முன்கூட்டி அறியத்தக்க நாள் ஒன்றே உண்டு; அது வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும் நாள். வழக்கமாக அது நவம்பர் மாதத்தில் வரும். தேர்தல்கள் காரணமாக 2025 ஆம் ஆண்டுக்குரியது அவ்வாண்டு பெப்ருவரியிலேயே சமர்ப்பிக்கப்பட்டது. அந்நாளில் வரி ஏறுமா இறங்குமா என்பதை நம்மால் அறியமுடியாது. எனினும் நம் அனுபவத்தில் ஏறினதே மிகுதியாதலின், பணமும் தேவையும் ஒருங்கே உள்ளவர் அந்நாளுக்கு முன்னரே, கடையில் வந்து நிற்கும் வண்டியை வாங்குதல் நன்று. வந்து நிற்கும் வண்டி என்பதை அழுத்திக் கூறுகின்றோம். இனி வரவிருக்கும் வண்டிக்கு முற்பணம் கட்டியவர், சுங்கத்திற் பத்திரம் சமர்ப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ள தீர்வைக்கே பொதுவாக உட்படுவர். இடையில் தீர்வையோ யென்னோ ஏறினால் அம்மேலதிகம் யாரைச் சாருமென்பதை எழுத்தில் வாங்காது முற்பணம் கொடுத்த அன்பர்கள், பின்னர் இரண்டாம் முறையும் பணந்தேடி அலைந்ததை அறிவோம்.

இனி யப்பானிய நாட்காட்டியும் சிறிது அறியத்தக்கது. அங்கு புதிய காருக்கு மூன்றாண்டு கழிந்ததும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை. அச்செலவைத் தவிர்க்க விரும்புவோர் மூன்றாண்டு நிறையுந் தறுவாயிற் காரை விற்றுவிடுவர். அவர்களுடைய கணக்காண்டு மார்ச்சு 31 இல் முடிவதால், அம்மாதத்திற் புதிய கார் விற்பனை பெருகி, மாற்றுக்குக் கொடுத்த பழைய கார்கள் அடுத்துவரும் வாரங்களில் ஏலத்துக்கு நிறைய வரும். பாவித்த கார்கள் உற்பத்தியான நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் இருத்தல்வேண்டுமென 2025 இல் நம் அரசாங்கம் விதித்தமையால், ஏலத்துக்கு வருபவற்றுட் காலங்கடவாதவற்றை நம் இறக்குமதியாளர் தேடிப் பிடிக்கின்றனர். யென்னின் பெறுமதியும் பார்க்கத்தக்கது. 2021 இல் டொலருக்கு 110 அளவிலிருந்த யென் 2024 நடுப்பகுதியில் 160 வரை தாழ்ந்தது. டொலரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் இவ்வகை இலாபத்தைக் காணார்.

நல்ல நாள் பார்த்தல் பற்றியும் ஒரு சொல். தைப்பொங்கலும் சித்திரையும் விசயதசமியும் நெருங்கும்போது கடையிற் கூட்டம் மிகும், விலை இறங்காது. ஆடியும் மார்கழியும் கடைக்காரன் வாயிலைப் பார்த்திருக்கும் மாதங்கள். நம் வழக்கத்தை விடவேண்டியதில்லை. பேச்சை ஆடியில் முடித்து, வண்டியை ஆவணியில் எடுத்து, பத்திரகாளி அம்பாள் சந்நிதியிலே சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்படலாம். அம்பாள் அருள் நாளைப் பொறுத்தது. கழிவு பேசிய மாதத்தைப் பொறுத்தது.

இடனறிதலுக்கு வருவோம். நம் துறைமுகம் உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகமாயினும், கோதுமையும் சீமெந்து மூலப்பொருளும் எண்ணெயும் இங்கு இறங்குகின்றனவேயன்றிக் கார்கள் கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலுமே இறங்குகின்றன. கொழும்பிலிருந்து இங்கு 250 கிலோமீற்றருக்கு மேல். ஆகவே கொழும்பில் ஐம்பதாயிரம் குறைத்து வாங்கியவர், ஒவ்வொரு பராமரிப்புக்கும் அங்கு ஓடவேண்டுமாயின் அம்மிச்சத்தை ஈராண்டில் எரிபொருளாக எரித்துவிடுவார். உதிரிப்பாகமும் அதனை அறிந்த மெக்கானிக்கும் நம் நகரிற் கிடைக்கும் வண்டியே நமக்கு மலிவானது. உட்துறைமுக வீதியிலும் நிலாவெளியிலும் வசிப்போர் உப்புக்காற்றை மறத்தலாகாது. அடித்தட்டுக்குத் துருத்தடுப்புப் பூச்சு முதல் நாளே செய்தல்வேண்டும். பாவித்த காரை இங்கேயே வாங்குபவர் கார்த்திகை, மார்கழி மழைக்காலத்திற் பார்த்தல் நலம். ஒழுகும் கதவும் துருவேறிய தரையும் வெயிற்காலத்தில் வாய் திறவா.

இவையனைத்தையுந் தொகுத்து நோக்கின், காலமறிதல் என்பது வருவதை முன்கூட்டிச் சொல்லும் சோதிடமன்று என்பது விளங்கும். நாள் குறித்து அறிவிக்கப்பட்ட வரிக்குறைப்புக்காகப் பொறுக்கலாம். மாதக் கடைசிக்காகச் சில வாரம் பொறுக்கலாம். செவிவழிச் செய்தியை நம்பி, தேவையை ஆண்டுக்கணக்கில் ஒத்திவைத்தல் ஆகாது. தேவையில்லாதவரோ, தடை நீங்கிய முதற் கிழமையிற் போல எல்லாரும் முண்டியடிக்கும் வேளையில் விலகி நிற்பதே இலாபம்.

என் நண்பர் 2025 இன் நடுப்பகுதியில், தடைக்கு முன்னர் நாட்டுக்கு வந்த பாவித்த கார் ஒன்றை, தம் கைப்பணத்துக்குள்ளே, கடனின்றி வாங்கினார். அவர் முதலில் விலைபேசிய காரைவிட அது சிறியது, ஐந்தாண்டு மூத்ததுமாம். முதற் பயணம் கண்டிக்கு. கந்தளாய்க் குளக்கட்டு அருகிற் செல்லும்போது அம்மையார், "அன்றைக்கு நீங்கள் எதிர்பார்த்த புத்தாண்டுக் கழிவு எவ்வளவு?" என்று வினவினாராம். "இருபத்தையாயிரம்" என்றார் நண்பர். அம்மையார் மறுமொழி சொல்லாது சன்னற்புறம் பார்த்தாராம். ஐந்தாண்டில் ஒரு கண்ணின் பார்வை சற்றே மங்கியிருந்தது.

வள்ளுவர் காலமறிதலுக்கு முன்னர் வலியறிதலை வைத்தார். நம் கைப்பணமும் நம் வீட்டின் தேவையும் எவ்வளவென அறிந்தவருக்கே காலம் துணைசெய்யும். அறியாதவர் காலத்தைப் பார்த்திருக்க, காலம் அவரைக் கடந்து போய்விடும். இளைய மாணவர்கள் இதனை இன்றே மனங்கொள்வாராக.