ஆணும் பெண்ணும் ஆமாறு

உயிர்களை ஆண், பெண் என இருபாற்படுத்திக் காண்டல் தமிழ் மக்களிடையே தொன்றுதொட்டு வந்த வழக்காகும். களிறும் பிடியும், கலையும் பிணையும், சேவலும் பேடும் எனப் பால்பற்றி வழங்கும் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் தனித்தனியே வகுத்துரைக்கின்றது. ஆயின், ஓர் உயிர் ஆணாவதும் பெண்ணாவதும் எவ்வாறு என்னும் வினாவுக்கு அறிவியல் விடை கண்டது அண்மைக் காலத்திலேயாம். அவ்விடையும் ஒன்றன்று, பல. வன்னிப் பெருநிலத்தின் பனங்கூடல், காடு, குளம், களப்பு ஆகிய இடங்களை ஊன்றி நோக்குவார்க்கு அப்பன்மை தெளிவாகப் புலப்படும்.

முதற்கண் பனையை நோக்குக. பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. பாளை சீவிச் சாறு இறக்குதற்கு இருபால் மரங்களும் உதவும். பழம் தருவதோ பெண்பனை ஒன்றே. பழமின்றேல் பினாட்டு இல்லை. விதையின்றேல் கிழங்கும் ஒடியலும் இல்லை. ஆயினும், வடலியின் தோற்றத்தைக் கொண்டு அதன் பாலை அறிதல் இயலாது. ஏறத்தாழ 12 முதல் 15 ஆண்டுகளோ அதனினும் மிகுதியோ கழிந்து, பாளை வெளிப்பட்ட பின்னரே உண்மை தெரியவரும். போரிலே பனைவளம் பெரிதும் அழிந்த வன்னியில், 2009 ஆம் ஆண்டுக்குப் பின் ஊன்றப்பட்ட விதைகள் இப்பொழுதே அப்பருவத்தை அணுகுகின்றன. நட்டவன் தன் தோட்டத்தில் எத்தனை பெண்பனை உள என்று அறியாமலே இவ்வளவு காலம் காத்திருத்தல் வேண்டியதாயிற்று. கன்றிலேயே பாலை உணர்த்தும் மரபுக் குறிகளைத் தேடும் ஆய்வுகள் இந்தியாவிற் செய்யப்பட்டுள்ளன.

அம்மரபுக் குறிகள் உறைவது கலத்தின் கருவினுள்ளே நூலிழைபோற் காணப்படும் நிறமூர்த்தங்களிலாம். நிறமூர்த்தத்திற்கும் பாலுக்குமுள்ள தொடர்பை 1905 ஆம் ஆண்டில் மாவண்டிலே ஆராய்ந்து காட்டியவர் நெற்றி ஸ்ரீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணியார். பெண்வண்டின் கலத்தில் 20 பெரிய நிறமூர்த்தங்களும், ஆண்வண்டின் கலத்தில் 19 பெரியனவும் ஒரு சிறியதும் இருத்தலை அவர் கண்டார். அக்காலத்திலேயே எட்மண்ட் வில்சன் என்பவரும் தனித்து ஆராய்ந்து இத்தகைய முடிபுக்கு வந்தார். மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் உள என்பதை 1956 ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டிலே சியோ, லெவான் என்னும் இருவர் நிறுவினர். அவற்றுள் ஒரு சோடி பாலுக்குரியது. பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒன்று எக்ஸ், மற்றையது வை. தாயின் முட்டை எப்பொழுதும் எக்ஸ் நிறமூர்த்தத்தையே கொண்டிருக்கும். தந்தையின் விந்து எக்ஸ், வை ஆகிய இரண்டில் ஒன்றைக் கொண்டுவரும். எனவே, பெண்மகவே பெறுகின்றாள் என்று தாயைப் பழித்தல் அறிவுக்கும் அறத்துக்கும் ஒவ்வாதது.

வை நிறமூர்த்தத்தில் உள்ள எஸ்.ஆர்.வை என்னும் பரம்பரை அலகே விதைகள் உருவாவதைத் தொடக்கிவைக்கின்றது என்பது 1990 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அடுத்த ஆண்டு, இரண்டு எக்ஸ் உடைய சுண்டெலிக் கருவில் அவ்வலகைப் புகுத்தியபோது அக்கரு ஆணாக வளர்ந்தது.

இம்முறை எல்லா உயிர்க்கும் பொதுவன்று. முற்றத்துக் கோழியில் நிலைமை மாறானது. அங்கே சேவலுக்கே ஒத்த இரு நிறமூர்த்தங்கள். பேட்டுக்கு ஒவ்வாத இரண்டு. ஆதலின் குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது பேட்டின் முட்டையேயாம். காட்டு மரப்பொந்தில் வாழும் தேனீயின் வழி இவ்விரண்டினும் வேறு. கருக்கட்டிய முட்டையிலிருந்து 32 நிறமூர்த்தங்களை உடைய பெண் தேனீயும், கருக்கட்டாத முட்டையிலிருந்து 16 மட்டுமே உடைய ஆண் தேனீயும் தோன்றும். ஆண் தேனீக்குத் தந்தை இல்லை. தாயைப் பெற்ற பாட்டன் உண்டு! ஆண் தேனீ தந்தையின்றிப் பிறக்கும் என்பதைச் சியெர்சோன் என்னும் பாதிரியார் 1845 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார்.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களை உடைய வரண்ட வலயத்தில் வாழும் முதலைக்குப் பால் நிறமூர்த்தமே இல்லை. கரையிலே குழிதோண்டி இட்ட முட்டைகளின் பாலை நிலத்தின் வெப்பம் தீர்மானிக்கின்றது. சென்னைக்கு அணித்தாயுள்ள முதலைப் பண்ணையிலே இவ்வினத்தை ஆராய்ந்து 1989 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிபு வியப்பூட்டுவது. 28 முதல் 31 பாகை செல்சியசு வரையில் வைத்த முட்டைகள் யாவும் பெண்ணாயின, 32.5 பாகையில் வைத்தவை யாவும் ஆணாயின. 33 பாகையில் இருபாலும் தோன்றின. ஒன்றரைப் பாகை வேறுபாடு ஒரு தலைமுறையின் பாலையே மாற்றவல்லதாயின், புவி வெப்பமுறுதல் இவ்வுயிர்க்கு எத்துணை இடரானது! கடலாமையில் வெப்பம் மிகின் பெண்ணே பிறக்கும். அவுஸ்திரேலியாவின் பெரும் பவளப்பாறைத் தொடரின் வடபகுதிக் கடற்கரைகளிற் பிறந்த இளம் பச்சை ஆமைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை பெண் என்று 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகின்றது.

களப்பிலும் கடலிலும் வாழும் மீன்களிற் சில வாழ்நாளிலேயே பால் மாறுவன. கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, பெருத்தபின் பெண்ணாகின்றது. கலவாய் இனங்கள் பல பெண்ணாக முதிர்ந்து பின்னர் ஆணாகின்றன. பெரிய கொடுவாக்களையே தேடிப் பிடித்தால் பிடிபடுவன தாய்மீன்கள் என்பதைக் கடற்றொழிலாளர் கருத்திற் கொள்ளல் நன்று.

இனி, நிறமூர்த்த எண்ணிக்கை பிழைபடுமிடத்து நிகழ்வன யாவை? முட்டையோ விந்தோ உருவாகும் ஒடுக்கற் பிரிவின்போது, பிரியவேண்டிய சோடி பிரியாது நிற்பின் ஒன்று மிகும் அல்லது ஒன்று குறையும். 21 ஆம் நிறமூர்த்தம் மூன்றாக இருத்தலே டவுண் நோய்க்குறித்தொகுதிக்குக் காரணம் என்பது 1959 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஏறத்தாழ 700 அல்லது 800 பிறப்புக்களுக்கு ஒரு குழந்தைக்கு இது நேர்கின்றது. அவ்வாண்டிலேயே, இரண்டு எக்ஸ் உடன் ஒரு வை உடையோர் கிளைன்பெல்ற்றர் நோய்க்குறி உடைய ஆண்கள் என்பதும், ஒரே எக்ஸ் உடையோர் ரேணர் நோய்க்குறி உடைய பெண்கள் என்பதும் தெளிவாயின. பழ ஈயிலோ எக்ஸ் இரண்டும் வை ஒன்றும் உடையது பெண்; எக்ஸ் ஒன்று மட்டும் உடையது மலட்டு ஆண். ஒரே பிழை ஓரினத்தில் ஒரு விளைவையும் பிறிதோரினத்தில் மறுதலையான விளைவையும் தருதலின், மனிதரில் ஆண்மையைத் தொடக்குவது வை என்பதும், ஈயில் எக்ஸ் எண்ணிக்கையே தலைமையுடையது என்பதும் பெறப்படும்.

இவை எவருடைய பாவத்தாலும் வந்தவை அல்ல. தாயின் வயது ஏறுந்தோறும் டவுண் நோய்க்குறி தோன்றும் வாய்ப்பு மிகுமாயினும், இளந்தாயர்க்கும் அத்தகைய குழந்தை பிறத்தல் உண்டு. டவுண் நோய்க்குறியுடன் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு இதயக் குறைபாடு இருத்தலின், காலந்தாழ்த்தாது மருத்துவரிடங் காட்டல் இன்றியமையாதது. அக்குறைபாடுகளுட் பல சத்திரசிகிச்சையாற் சீர்செய்யத்தக்கன. ரேணர் நோய்க்குறி உடைய சிறுமிக்கு உரிய வயதிலே ஓமோன் சிகிச்சை அளிப்பின் வளர்ச்சியும் பூப்பும் கைகூடும். குறையை மறைத்து வீட்டினுள் வைத்திருத்தலால் இழக்கப்படுவது இக்காலமேயாம்.

நிறமூர்த்தம் ஒன்றைக்கொண்டே ஒருவரின் பாலைத் துணிதலும் எளிதன்று. 1985 ஆம் ஆண்டிலே ஸ்பானிய ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தினோவிடம் வை நிறமூர்த்தம் காணப்பட்டமையால் அவர் போட்டிகளினின்று விலக்கப்பட்டார். அவருடல் ஆண் ஓமோனை ஏற்கும் இயல்பற்றது என்பது தெளிவாகி, 1988 ஆம் ஆண்டில் மீண்டும் அனுமதிக்கப்பட்டார். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சவுந்தரராசன் 2006 ஆம் ஆண்டு டோகாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் வென்ற வெள்ளிப் பதக்கம், பாற் பரிசோதனையின் பின் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டில் உலக மெய்வல்லுநர் அமைப்பு பெண்கள் போட்டிகளுக்கு எஸ்.ஆர்.வை பரிசோதனையை விதித்தபோது, அவ்வலகைக் கண்டறிந்தவருள் ஒருவரான அன்ட்ரூ சிங்ளேயரே அதனை ஏற்க மறுத்தார். அவ்வலகு இருக்கின்றதா என்பதை மட்டுமே அப்பரிசோதனை கூறும். அது தொழிற்பட்டதா, உடல் ஓமோனை ஏற்றதா என்பவற்றைக் கூறாது என்பது அவர் காட்டிய காரணம்.

இயற்கை ஒரு வழியையே பற்றி நிற்பதன்று. பனைக்கு ஒருவழி, தேனீக்கு ஒருவழி, முதலைக்கு ஒருவழி. மனிதர்க்குள்ளும் பொதுவழியினின்று விலகிய உடலமைப்புக்கள் உள. ஆண், பெண் என்னும் வரம்புக்குள் முற்றும் அடங்காதாரையும் தொல்காப்பியர் உயர்திணையிலேயே வைத்து இலக்கணம் வகுத்தார். அவர்க்கெனத் தனி ஈறு இல்லையென்று கூறிய ஆசிரியர், அதுபற்றி அவரை அஃறிணைக்குத் தள்ளினாரல்லர். நிறமூர்த்தங்களை எண்ணக் கற்றுக்கொண்ட இக்காலச் சமுதாயம் அந்நெறியினின்று வழுவாதிருத்தல் வேண்டும்.