ஆயாவா, ஆசிரியையா?

பாம்பன், மண்டபம் கடற்புறத்திலே பாசி எடுக்கப் போகும் பெண்களை நாம் அறிவோம். மூச்சடக்கி மூழ்கி, பாறையிலே கை கிழிபட, பறித்துச் சேர்த்தால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். கணவன் கடலிலே, மனைவியும் கடலிலே! கைக்குழந்தை யாரிடத்திலே? பாட்டி இருந்தால் பாட்டியிடம். இல்லையேல் பள்ளிக்குப் போக வேண்டிய அக்காளின் இடுப்பிலே. ஒரு பிள்ளையைக் காக்க இன்னொரு பிள்ளையின் படிப்பு பலி!

"பிள்ளை பார்ப்பது பெரிய வித்தையா? பெண்ணாய்ப் பிறந்தால் தானே வராதா?" என்று கேட்பவர் உண்டு, தோழர்களே. நம் தோழர்களிலேயே உண்டு! பஸ் ஓட்ட லைசென்ஸ் வேண்டும், லேத்துப் பிடிக்கப் பயிற்சி வேண்டும். இருபது இளந்தளிர்களைப் பகலெல்லாம் காக்க மட்டும் எதுவும் வேண்டாமோ?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அப்படி எண்ணவில்லை. முப்பது பேருக்கு மேல் பெண்கள் பணிபுரியும் ஆலையிலே குழந்தைக் காப்பறை வேண்டும், குழந்தை வளர்ப்பிலே பயிற்சி பெற்ற பெண்கள் அதைக் கவனிக்க வேண்டும் என்று அதன் 48-வது பிரிவு விதித்தது. ஆலைக்குள்ளே வந்த சட்டம் அலைகடல் ஓரத்துக்கு வரவில்லை.

பயிற்சி என்ன செய்யும்? நம் மாவட்டமே கண்டதுதான். 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்திலும் நடந்தது. உள்ளூர்ப் பெண்களையே தேர்ந்து பயிற்சி தந்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, அட்டையிலே புள்ளி வைத்தாள் அந்தப் பெண். எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையும் தேய்ந்துகொண்டிருக்கலாம். கண் ஏமாறும், தராசு ஏமாறாது.

பிள்ளை இளைத்தால் 'கண்பட்டது' என்று தாயத்துக் கட்டுகிறது மூடத்தனம். பயிற்சி பெற்றவள் கட்டுவது அளவு நாடா! ஆறு மாதம் கடந்த, ஐந்து வயது நிரம்பாத குழந்தையின் இடது மேற்கை சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் அது கடும் ஊட்டக்குறைவு. மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வயிற்றுப்போக்கிலே தண்ணீர் காட்டாதே என்கிறது பழைய நம்பிக்கை. உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடு, தாய்ப்பாலை நிறுத்தாதே என்கிறது பயிற்சி. பேசத் தொடங்கும் பிள்ளையிடம் பேசவும், அடிக்காமல் அடக்கவும், விளையாட்டிலே எண்ணவும் எழுத்தை இனங்காணவும் பழக்கவும்கூடப் பயிற்சி வேண்டும். அடிப்பதற்கு மட்டுந்தான் அது வேண்டியதில்லை!

1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறந்தது; அங்கன்வாடி வந்தது. ஆனால் ஒரு காலத்திலே மூன்று மாதமாயிருந்த பணியாளர் பயிற்சி, பின்னர் 26 நாளாய்ச் சுருங்கியது. ஊதியமோ? 'தாயுள்ளம்', 'தொண்டு' என்று மாலை சூட்டிவிட்டு 'மதிப்பூதியம்' என்று பெயரிட்டார்கள். மத்திய அரசு 2018-இல் அதை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக்கியது. மாநிலம் தன் பங்கைச் சேர்த்துத் தருகிறது. அது ஊதியமே, பணிக்கொடைக்கும் உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலிலே உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது, குஜராத் பணியாளர்கள் தொடுத்த வழக்கிலே!

அதே ஆண்டிலே 'பால்னா' திட்டம் வந்தது; அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம், ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயது வரை. கடற்கரைக் கிளைகளின் தோழர்களே, மே முதல் நாள் கிராமசபையிலே எழுந்து கேளுங்கள்: நம் ஊருக்கு அந்தக் காப்பகம் எப்போது? படகு கரை திரும்பும் வரை அது திறந்திருக்குமா? பிள்ளைகளைப் பார்ப்பவருக்கு எத்தனை நாள் பயிற்சி, என்ன சம்பளம்?