ஏரிக்கரையில் மூன்று நாட்கள்

பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சந்திக்கப் போகும்போது, "கடைசியாக எப்போது ஓய்வெடுத்தீர்கள்?" என்று கேட்பதுண்டு. அனேகமானோர் சிரிப்பார்கள். சிலர் காய்ச்சலில் படுத்த நாளைச் சொல்வார்கள்.

எமது மகளிர் குழுவில் உள்ள ஓர் அக்காவும் அப்படித்தான் சொன்னார். அவருடைய தங்கை திண்டுக்கல் மாவட்டத்தின் தோட்டனூத்து முகாமில் இருக்கிறார். 2022 செப்டம்பரில் அங்கு திறக்கப்பட்ட புது வீடுகளில் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அதைப் பார்க்கவென்று சென்ற ஆவணியில் புறப்பட்ட அக்கா, என்னையும் துணைக்கு அழைத்தார். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் போனால் செலவு குறையும் என்றேன். "கப்பல் வேண்டாம் பிள்ளை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பலாலியிலிருந்து விமானத்தில் சென்னைக்குப் போய், அங்கிருந்து திண்டுக்கல் சேர்ந்தோம்.

இரண்டு சகோதரிகளும் அழுது, கதைத்து, சமைத்து ஐந்து நாட்கள் போயின. பிறகு தங்கைதான், "இவ்வளவு தூரம் வந்து கொடைக்கானல் பாராமல் போறதே?" என்று எங்கள் இருவரையும் பஸ் ஏற்றிவிட்டார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காதடைத்தது. மேலே ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம். எமக்கோ கீரிமலையே மலை! (2024 மே முதல் வாகனம் பிடித்துப் போவோர் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். அரசுப் பேருந்தில் போனவர்களுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.)

இந்த ஊருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிசனரிமார் 1834 இல் மதுரைக்குப் போய் அங்கொரு மிசனைத் தொடங்கினார்கள். வெப்பத்தாலும் நோயாலும் பலரைப் பறிகொடுத்த அந்த மிசன், 1845 இல் இம்மலையில் இளைப்பாற வீடுகள் கட்டியது. ஓய்வை அவர்கள் மருந்தாகவே எண்ணியிருக்கிறார்கள். ஏரி பிறகுதான் வந்தது. மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை 1863 இல் ஓடைகளை மறித்து அதை உண்டாக்கினார். நட்சத்திர வடிவில் கைகால் நீட்டிக் கிடக்கும் ஏரியைச் சுற்றி நடக்க ஐந்து கிலோமீற்றர்.

முதல்நாள் விடிய அக்கா ஐந்து மணிக்கே எழும்பிவிட்டார். அடுப்பில்லை, முற்றமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தங்குமிடத்துப் போர்வைகளை மடித்து வைத்தார். பிறகு என் சட்டையையும் தோய்த்துவிட்டார். இரண்டாம் நாள் எட்டு மணிவரை நித்திரை. எழும்பியவுடன் வெட்கப்பட்டு, "ஊரில சொல்லிப்போடாதை" என்றார். (இதை எழுத அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.)

ஏரியில் படகுகள் வாடகைக்கு விடுகிறார்கள். நான் சீட்டு எடுக்கப் போனபோது அக்கா கரையிலேயே நின்றார்.

"நீ போட்டு வா. நான் கிளாலியில ஏறினது காணும்."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தபோது, சனம் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளங்களில் கடந்ததை இந்த வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை. கைக்குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாராம். வெளிச்சம் தெரிந்தால் சூடு விழும். அன்றைக்குப் பிறகு அவர் வள்ளத்தில் கால் வைக்கவில்லை. நானும் சீட்டு எடுக்கவில்லை. இருவரும் கரையில் இருந்து அவித்த சோளம் தின்றோம். புகார் இறங்கி ஏரியை மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. புது மணத் தம்பதிகள் மிதிபடகை நேராக விடத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதைப் பார்த்து அக்கா வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் கதையைக் கேட்ட சோளக்காரப் பெண், "கேரளாவா?" என்றார். யாழ்ப்பாணம் என்றதும் காசு வாங்க மறுத்தார். வற்புறுத்தித்தான் கொடுத்தோம்.

பின்னேரம் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போனோம். இதை 1936 இல் கட்டுவித்தவர் சேர் பொன். இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார். வெளிநாட்டில் பிறந்து சைவத்தைத் தழுவியவர். சுன்னாகம் இராமநாதன் கல்லூரியின் வளர்ச்சிக்கு உழைத்தவர். அக்கா அந்தக் கல்லூரியில் எட்டாம் வகுப்புவரை படித்தவர். அவர் பெயரைக் கேட்டதும் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சி 2018 இல் பூத்தது. இனி 2030 இல்தான். "அப்ப எனக்கு எழுபது வரும்" என்று விரல்விட்டு எண்ணினார்.

மூன்றாம் நாள் காலை ஏரியைச் சுற்றி முழுதாக நடந்தோம். படகுத்துறை வந்ததும் அக்கா நின்று, வலிக்கிற படகுக்கு எவ்வளவு, ஆழம் எவ்வளவு, எல்லோருக்கும் மிதவைச் சட்டை கொடுப்பார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஏறவில்லை.

"அடுத்தமுறை பாப்பம்" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அயலட்டைப் பெண்களுக்கென்று மலைப்பூண்டும், முழங்கால் நோவுக்கு யூக்கலிப்டஸ் தைலமும் வாங்கினார். தனக்கு இரண்டு பேரிக்காய். ஒன்றை எனக்குத் தந்தார்.