பழையனூர் வழக்கில் ஒரு சிறுமி துப்பறிந்திருந்தால்?

பொழுது விடியவில்லை. தோட்டத்தில் வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவே ஒரு மனிதன் கிடக்கிறான். 11 வயதுச் சிறுமி ஒருத்தி அவன் அருகே குனிகிறாள். ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவன் உயிரை விடுகிறான்.

சிறுமி அலறவில்லை; ஓடவில்லை. "இவன் யார்? எப்படிச் செத்தான்?" என்று யோசிக்கத் தொடங்குகிறாள்!

அவள் பெயர் பிளேவியா. ஆலன் பிராட்லி என்ற கனடா நாட்டு எழுத்தாளர் படைத்த துப்பறியும் சிறுமி. முதல் நாவல் 2009இல் வெளிவந்தது. அப்போது ஆசிரியருக்கு வயது 70! அந்த நாவலின் தொடக்கப் பகுதிக்கு 2007இல் இங்கிலாந்தில் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கப் போகும் வரை அவர் இங்கிலாந்தைப் பார்த்ததே இல்லை. ஆனால், கதை நடப்பதோ 1950ஆம் ஆண்டு, ஓர் இங்கிலாந்துக் கிராமத்தில்!

பலகாரம் சொன்ன துப்பு

பிளேவியாவுக்குத் தாய் இல்லை. இரண்டு அக்காமார்கள், ஓயாத சண்டை. இரசாயனம் என்றால் அவளுக்கு உயிர். சைக்கிளில் ஊரைச் சுற்றி வருவாள்.

கொலை நடந்த வீட்டில், சமையல்காரம்மாள் செய்துவைத்த கஸ்டர்டு பலகாரத்தில் ஒரு துண்டைக் காணோம். வீட்டில் ஒருவருக்கும் அது பிடிக்காது. அப்படியானால் தின்றது யார்? வெளி ஆள்தான்!

வாசலில் ஓர் உள்ளான் பறவை செத்துக் கிடக்கிறது. அதன் அலகில் ஒரு தபால் தலை செருகியிருக்கிறது. அந்தப் பருவத்தில் அந்தப் பறவை அங்கே இருக்கக்கூடாது. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. "டீ கொண்டு வா" என்று அனுப்பிவிடுகிறார். அவளுடைய தந்தையையே கொலைக் குற்றத்திற்காகக் கைது செய்கிறார். சிறுமியோ கேள்வி மேல் கேள்வி கேட்டு உண்மையைக் கண்டுபிடிக்கிறாள்.

நம் ஊர்க் கொலைக் கதை

நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஒரு கொலைக் கதை உண்டு. அதிலும் ஒரு குழந்தை வருகிறது. அதுதான் பழையனூர் நீலி கதை.

நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை இருக்கும் ஊர் திருவாலங்காடு. அதன் பக்கத்து ஊர் பழையனூர். முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் 1905இல் கிடைத்தன அல்லவா? பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோவிலுக்கு அளித்த செய்தி அவற்றில் இருக்கிறது. நீலியின் கதை அதற்கும் பழையது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தரின் பதிகத்திலேயே அதன் குறிப்பு உண்டு.

கதையைப் பலவிதமாகச் சொல்வார்கள். சுருக்கம் இதுதான்: கணவன் ஒருவன் ஆலங்காட்டுக் காட்டில் மனைவியைக் கொன்றுவிட்டான். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறந்தான். அவளோ பேயாகிப் பழிவாங்க வந்தாள். கள்ளிக்கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்!

வணிகன் பழையனூருக்கு ஓடினான். அங்கே 70 வேளாளர்கள் கூடியிருந்தனர். "இவள் பேய். என்னைக் காப்பாற்றுங்கள்" என்றான் அவன். "இவர் என் கணவர்" என்று அழுதாள் நீலி.

குழந்தையை இறக்கிவிட்டார்கள். அது நேராக அவனிடம் ஓடி, "அப்பா!" என்றது.

அந்த ஒரு சொல்லோடு வழக்கு முடிந்தது! இருவரையும் ஓர் அறையில் தங்கச் சொன்னார்கள். அவன் காவலுக்கு வைத்திருந்த கத்தியையும் வாங்கிக்கொண்டார்கள். "உன் உயிருக்குக் கேடு வந்தால் நாங்கள் 70 பேரும் உயிர் விடுவோம்" என்று வாக்களித்தார்கள்.

விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். வாக்குத் தவறாத வேளாளர்கள் 70 பேரும் தீயில் பாய்ந்தார்கள்.

கேட்காத கேள்வி

சொன்ன சொல்லுக்காக உயிரையே கொடுத்தவர்கள் அவர்கள். ஊர் இன்றும் போற்றுகிறது. அவர்களுடைய நேர்மையில் குறையே இல்லை. குறைந்தது ஒரே ஒரு கேள்விதான்!

"அப்பா" என்ற குழந்தையிடம், "உங்கள் ஊர் எது? உன் பாட்டி பெயர் என்ன? நேற்று அப்பா உனக்கு என்ன வாங்கித் தந்தார்?" என்று கேட்டிருக்கலாம். கள்ளிக்கொம்பு என்ன பதில் சொல்லும்? பிளேவியாவைப் போன்ற ஒரு வாண்டு கூட்டத்தில் நின்றிருந்தால், முதலில் கேட்டிருப்பது அதைத்தான். ஆனால், பெரியவர்கள் கூடிய சபையில் சிறுமியைப் பேச விடுவார்களா?

இந்தப் பாடத்தை நம் சட்டம் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. சாட்சி சொல்ல இத்தனை வயது ஆக வேண்டும் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் சொல்லவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு தக்க பதில் சொல்ல முடிந்தால் போதும்; குழந்தையும் சாட்சிதான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. ஆகவே நீதிபதி முதலில் குழந்தையிடம் சில கேள்விகள் கேட்டுப் பார்க்கிறார்.

குழந்தை சொன்னது என்பதற்காக அப்படியே நம்புவதும் தவறு. குழந்தைதானே என்று தள்ளுவதும் தவறு. இங்கிலாந்து இன்ஸ்பெக்டர் தள்ளினார்; குற்றமற்ற ஒருவர் சிறைக்குப் போனார். பழையனூர்ச் சபை நம்பியது. 71 உயிர்கள் போயின.

வீட்டில் "ஏன்? எப்படி?" என்று துளைத்தெடுக்கும் பிள்ளை இருக்கிறதா? "வாயை மூடு" என்று அதட்டாதீர்கள். நாளைக்கு ஓர் உயிரைக் காப்பாற்றுவது அந்த வாயாகவே இருக்கலாம்!